ஆவணக் காப்பு படிக்க வெளிநாடு போகலாமா? கோத்தகிரியிலிருந்து ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. வெளியே எதிர் வீடே தெரியாத அளவுக்கு மூடுபனி, அதனால் இன்றைக்கு வீட்டுக்குள்ளிருந்தே பேசுகிறேன். பின்னால் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் நான் படித்தது ஆவணக் காப்பும் தகவல் மேலாண்மையும். "அக்கா, பழைய காகிதத்தைத் தூசி தட்டவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று இங்கே கேட்காத ஆள் இல்லை. தூசி தட்டுவது அதில் ரொம்பக் கொஞ்சம். எதைத் தூக்கிப் போடுவது, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் மண்டையைக் குடையும் பாடம்.

எல்லாக் காகிதத்தையும் எல்லா மின்னஞ்சலையும் எந்த அரசாலும் வைத்திருக்க முடியாது. கழிப்பது ஆவணக் காப்பாளர் வேலை அல்ல, காகிதத்தை உருவாக்கிய அலுவலகமே பார்த்துக்கொள்ளட்டும் என்று 1922இல் எழுதினார் இங்கிலாந்தின் ஆவணக் காப்பாளர் ஹிலரி ஜென்கின்சன். பின்னால் வரும் ஆராய்ச்சிக்கு எது உதவும் என்று பார்த்துக் காப்பாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் அமெரிக்காவின் ஷெல்லன்பெர்க், 1956இல். வகுப்பில் இன்னும் இதற்குச் சண்டை நடக்கும். நான் ஷெல்லன்பெர்க் கட்சி. அதற்குக் காரணம் நம்ம மலைதான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கோத்தகிரி, கூடலூர் பக்கம் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் அந்தக் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் இருக்கும். எங்கள் தாத்தாவுடையதும் இருக்கிறது. இப்போது தோட்டத்துச் செக்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு முழுப்பேர் (முழு நாள் கூலி), யாருக்கு அரைப்பேர் (அரை நாள் கூலி), எவ்வளவு கூலி என்று எழுதிய பேரேடு. சம்பளம் போட்டு முடித்த பிறகு ஆபீசுக்கு அது அலமாரியை அடைக்கும் குப்பை. தாத்தா அந்த வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்தார் என்பதற்குப் பேத்தியிடம் வேறு எழுத்தே இருக்காது. ஜென்கின்சன் சொன்னபடி ஆபீசிடமே விட்டால் என்ன ஆகும்? பழைய பேப்பர் கடைதான்.

அப்புறம் ஒன்று: அந்த அட்டைகளை லேமினேட் செய்துவிடாதீர்கள், ப்ளீஸ். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிப்பது பெரும்பாடு.

படிப்பில் கணினிப் பங்கும் பெரிது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்தக் கருவி என்ற குறிப்பு கூடவே வராவிட்டால் ஒவ்வொரு படமும் வெறும் வட்டம். ஸ்கேன் செய்ததோடு வேலை முடியாது. கோப்பு கெடாமல் இருக்கிறதா, இருபது வருடம் கழித்துத் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே தனிப் பாடம் உண்டு.

சரி, போகிறவர்களுக்கு. கிளாஸ்கோ, லிவர்பூல், லண்டன் யுசிஎல் மூன்றிலும் முதுகலை இருக்கிறது. டண்டீயில் தொலைநிலையிலேயே படிக்கலாம். முழுநேரம் என்றால் ஒரு வருடம், கடைசியில் ஆய்வேடு. அங்கே வேலை தேடுவதாக இருந்தால், அங்குள்ள ஆவணக் காப்பாளர் சங்கமான ஆர்க்கைவ்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் அசோசியேஷன் அங்கீகரித்த படிப்பா என்று முதலில் பாருங்கள். வரலாறுதான் படித்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் காப்பகத்திலோ நூலகத்திலோ கொஞ்சம் வேலை பார்த்த அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பியிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகமே ஒரு வருட டிப்ளமோ நடத்துகிறது.

விண்ணப்பக் கடிதத்தில் "சிறு வயதிலிருந்தே புத்தகம் பிடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் ஊரில் எந்தப் பதிவு கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது, அதை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

செலவுக் கணக்கு, வீட்டு வாடகை எல்லாம் அடுத்த வீடியோவில். கரண்ட் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை.