காட்டுக்குள் கூட வர முடியாத பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உடற்கல்வி ஆசிரியர்கள். ஓரியன்டீரிங் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பு குறைவு. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டில் ஆங்காங்கே வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த துணி தொங்கும்; அதற்குப் பெயர் கன்ட்ரோல். எல்லா கன்ட்ரோல்களையும் சொன்ன வரிசையில் தொட்டுவிட்டு யார் சீக்கிரம் திரும்புகிறாரோ அவருக்கு வெற்றி. 1919-இல் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமுக்கு அருகே எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டியில் இருநூறு பேருக்கு மேல் ஓடினார்கள். 1961-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. 1966-இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸில் முதல் உலகப் போட்டி நடந்தது. வரலாறு இன்றைக்கு இவ்வளவு போதும். நான் பேச வந்தது, இதைக் கற்றுத்தருபவரை எப்படித் தயார் செய்வது, எதைப் பார்த்து அவருக்குச் சான்று கொடுப்பது என்பதைப் பற்றி.

கால்பந்துப் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம். கபடியில் இடைவேளையில் கூப்பிட்டுப் பேசலாம். ஓரியன்டீரிங்கில் ஆட்டக்காரர் கிளம்பிவிட்டால் அவ்வளவுதான். வெளியார் உதவியை விதி தடுக்கிறது. விதி இல்லாவிட்டாலும் காடு மறைத்துவிடும். பயிற்சியாளரின் வேலை முழுவதும் ஓட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான் இருக்கிறது. ஆகவே அவரை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவர் இல்லாத இடத்தில் அவருடைய மாணவர் என்ன செய்கிறார்?

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓட்டப் பாதைகளின் கடினத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, நிறப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளை முதல் படி: பாதையை விட்டு இறங்கவே வேண்டாம், திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு கன்ட்ரோல் இருக்கும். மஞ்சளில் பாதை, வேலி, ஓடை என்று ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம், ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தானே முடிவு செய்ய வேண்டும். ஆரஞ்சில் முதல்முறையாகப் பாதையை விட்டுக் குறுக்கே போகிறோம். தவறிப் போனாலும் தடுத்து நிறுத்த ஒரு பெரிய சாலையோ ஓடையோ பின்னால் இருக்கும். இளம்பச்சை நான்காவது படி. அதற்கு மேல் பச்சை, நீலம், பழுப்பு மூன்றும் ஐந்தாம் படிதான். கடினம் ஒன்றே, நீளம்தான் வேறு.

பயிற்சியாளர் நிலைகளையும் இந்தப் படிகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிரிட்டனின் பல விளையாட்டுகளுக்கும் பொதுவாக இருந்த சான்றிதழ்ச் சட்டகத்தில் முதல் நிலை அடிப்படை உதவி, இரண்டாம் நிலை பயிற்சி வகுப்பைத் தானே திட்டமிட்டு நடத்தித் திருத்திக்கொள்வது, மூன்றாம் நிலை ஓராண்டுப் பயிற்சித் திட்டத்தைத் தயாரித்து நடத்துவது. ஓரியன்டீரிங்கும் இந்தச் சட்டகத்துக்குள் வந்தது. பெயர்கள் பின்னர் மாறின. மாறட்டும், உள்ளே இருக்கும் கேள்வி மாறவில்லை. பத்து வயதுக் குழந்தைகளை மஞ்சள் பாதைக்கு அனுப்புவதற்கும், வரைபடத்தில் மேடு பள்ளத்தைக் காட்டும் சம உயரக் கோடுகளை மட்டும் நம்பி ஓடும் இளைஞருக்கு ஓராண்டுக்கான திட்டம் போடுவதற்கும் வேறு வேறு திறமை வேண்டும். ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றில் தடுமாறலாம்.

முதல் நிலையைச் சின்னதாக நினைக்கிறார்கள். அதில் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. வரைபடமே பார்த்திராத குழந்தை முதலில் சந்திப்பது இந்த முதல் நிலைப் பயிற்சியாளரைத்தான். காட்டில் குழந்தை தொலைந்தால் முதலில் தேட வேண்டியவரும் இவர்தான். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்ற கணக்கு, விசில், எந்நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கெடு, வழி தவறினால் எந்தத் திசையில் நடந்தால் சாலை வரும் என்ற ஒற்றைக் குறிப்பு, முதலுதவி. இவை எல்லாவற்றையும் அவர் செய்து காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் பதில் எழுதிவிட்டுப் போனால் எனக்குப் போதாது.

அப்புறம் நிழல்போலத் தொடர்வது என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது. மாணவர் முன்னால் போக, பயிற்சியாளர் சில அடி பின்னால் பேசாமல் வருவார். கேட்க எளிது, செய்து பாருங்கள்! மாணவர் ஒரு மேட்டின் தவறான பக்கம் திரும்புகிறார். நமக்குத் தெரிகிறது. வாயைத் திறக்கக் கூடாது. நடை தயங்கக் கூடாது. சரியான பக்கம் நம் கண் போனால்கூட மாணவர் அதைப் பிடித்துக்கொள்வார். அவரே நின்று, வரைபடத்தை வடக்குக்குத் திருப்பி, சுற்றிலும் பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘எங்கே தப்பு செய்தாய்?’ என்றால் தலை குனிந்துவிடும். ‘அந்த மேட்டைத் தாண்டியதும் என்ன தெரியும் என்று எதிர்பார்த்தாய்?’ என்றால் மாணவர் மறுபடி வரைபடத்துக்குள் போகிறார். சான்று கேட்டு வருபவரை அரை மணி நேரம் இப்படிப் பின்தொடர வைத்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

இங்கேதான் நல்ல ஓட்டக்காரர்கள் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வரைபடம் படிப்பது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல வராது. பதக்கம் வாங்கியவர் என்பதற்காக மதிப்பீட்டில் விலக்கு தருவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கனடாவிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1974 முதல் நடந்துவரும் அவர்களின் தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ்த் திட்டத்தில் ‘பயிற்சி பெற்றவர்’ வேறு, ‘சான்று பெற்றவர்’ வேறு. வகுப்பில் உட்கார்ந்து முடித்தால் முதல் பெயர். களத்தில் மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டினால்தான் இரண்டாவது. நெறி தவறாமல் முடிவெடுப்பது குறித்த தனித் தேர்வும் இருக்கிறது. சான்றைத் தக்கவைக்கத் தொடர்ந்து கற்றுக்கொண்டும் இருக்க வேண்டும். இரண்டு நாள் முகாமுக்கு வந்தவருக்கெல்லாம் கடைசி நாள் மாலை சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்து, கைதட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு நன்றாகவே தெரியும். அந்தக் காகிதம் வருகைப் பதிவுதான். அதை நம்பி யாரும் பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்ப முடியாது.

மேல் நிலைகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. உடற்பயிற்சி, பருவ வாரியான திட்டம், பதற்றத்தைக் கையாளுதல் எல்லாம் மற்ற விளையாட்டுகளிலும் உள்ளவைதான். நல்ல பாடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. குறை இருப்பது மதிப்பீட்டாளர்களிடம். ஒருவருக்கு வகுப்பெடுத்தவரே அவருக்கு மதிப்பெண் போடக் கூடாது. தான் கற்றுக்கொடுத்ததை அவர் திருப்பிச் சொன்னாலே சரி என்று தோன்றிவிடும். வேறு ஊரிலிருந்து, அந்தக் காட்டை முன்பின் பார்க்காத ஒருவர் வந்து, ஒரு நாள் முழுக்கக் கூடவே நடந்து பார்க்க வேண்டும். அதற்குப் பயணச் செலவு ஆகும், விடுமுறை நாள் போகும். வகுப்புக்குக் கட்டணம் வாங்கும் அமைப்பு அந்தச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நன்றி. உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.