சங்கிலியில் தொங்கிய பெயர்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சிங்கப்பூர்த் தேக்காவின் கூட்டத்தில் நீந்தி இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் என் நன்றி.

ஆண்களுக்கு என்ன நகை என்று கேட்டால் மோதிரம், மைனர் செயின் என்பீர்கள். மைனர் செயின் போட்டவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பகட்டு என்ற பேச்சு வராமல் ஓர் ஆண் தங்கம் அணிய ஒரு வழி இருந்தது. கடிகாரச் சங்கிலியில் தொங்கும் பதக்கம்; ஃபாப் என்பார்கள். அதை அவன் வாங்கிக்கொள்ளவில்லை, பிறர் கொடுத்தார்கள். அதனால் யாரும் வாய் திறக்க முடியாது!

விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் பெயரில் ஒரு சங்கிலி உண்டு. அதன் குறுக்குக் கம்பியை உள்கோட்டின் பொத்தான் துளையில் மாட்டுவார்கள். சங்கிலியின் ஒரு முனையில் கடிகாரம், அது பைக்குள். துளைக்குக் கீழே தொங்கும் சிறு துண்டில் பதக்கம், அது வெளியே. நேரம் ஒளிந்திருக்கும், பெருமை தெரியும். விளையாட்டு மன்றங்களும் சங்கங்களும் இதைப் பரிசாகக் கொடுத்தன. நமக்கும் இது புதிதல்ல. பாணனுக்குப் பொற்றாமரை சூட்டினார்கள், படைத்தலைவனுக்கு ஏனாதி மோதிரம் கொடுத்தார்கள்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017இல் மூடப்பட்டதே, அதற்குச் சில மாதம் முன்பு அங்கே எனக்கு இப்படி ஒரு பதக்கம் கிடைத்தது. பித்தளை என்று நினைத்து விற்றார்கள், நானும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 9, .375 என்ற எண்கள், பக்கத்தில் ஒரு நங்கூரம். நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தரச்சோதனை நிலையத்தின் முத்திரை. அந்த ஊரில் கடலே கிடையாது, அது வேறு கதை.

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். பத்தர் உரைகல்லில் உரசிவிட்டுச் சிரித்தார். “ஒன்பது காரட்தான் சார். நம்ம 916 பக்கத்துல நிக்காது.” சரிதான். ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். இங்கிலாந்தில் 1854இலேயே சட்டம் அனுமதித்த தரம் அது. உருக்கினால் என்ன விலை வரும் என்றுகூடச் சொன்னார். பின்பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. முன்பக்கம் ஒரு காற்பந்து. பின்பக்கம் பெயரின் முதலெழுத்தாக இரண்டு எழுத்து, 1926, ‘இரண்டாம் பரிசு’ என்று ஆங்கிலத்தில். தோற்ற அணியில் ஆடியவர்! முதல் உலகப் போருக்குப் பிறகு கைக்கடிகாரம் வந்து இந்தச் சங்கிலிகளைப் பெட்டிக்குள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பல பதக்கங்கள் மனைவி, மகள் கழுத்துக்குப் போய்விட்டன. இது போகவில்லை என்றே நினைக்கிறேன். கோட்டில் உரசி உரசிப் பின்பக்கத்து எழுத்து மழுங்கியிருக்கிறது, மேல் வளையம் நூலாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டாம் பரிசை மனிதர் எத்தனை வருடம் மாட்டித் திரிந்தாரோ!

இதோ, முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள். வளையத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அறுந்துவிடும்.