றேடியோ வளர்த்த நடிகன்: மெல் பிளாங்க்

வணக்கம் நேயர்களே.

வானொலி நாடகத்தில் நடிப்பவர்களுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. ஊருக்கே அவர்களின் குரல் தெரியும், முகம் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நேற்று இரவு கேட்ட நாடகத்தை அந்த நடிகரிடமே சொல்லிச் சிரிப்பார். அதில் வந்த கிழவன் இந்த ஆள்தான் என்று அவருக்குக் கனவிலும் தோன்றாது. இந்த நிலைமையிலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் தொழில் செய்து, உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். மெல் பிளாங்க். அமெரிக்க நாட்டு நடிகர்.

பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் கரட்டைக் கடித்தபடி, துவக்கோடு நிற்கும் வேட்டைக்காரனை நக்கலடிக்கும் முயல் பக்ஸ் பனியைத் தெரியாதவர் குறைவு. திக்கித் திக்கிப் பேசும் பன்றி போர்க்கி, எச்சில் தெறிக்கக் கத்தும் கறுப்புத் தாரா டஃபி, கூண்டுக்குள் இருக்கும் மஞ்சள் குஞ்சு ட்வீட்டி, அதை விழுங்கத் திரியும் பூனை சில்வெஸ்டர், பெரிய மீசைக்காரன் யொசெமிட்டி சாம். இத்தனை பேருக்கும் தொண்டை ஒன்றுதான்.

கொழும்பில் ரூபவாஹினி பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், அங்கே மொழிமாற்றுப் பகுதியை டைட்டஸ் தொட்டவத்த பொறுப்பெடுத்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்தைத் தொகுத்தவர், பிறகு தானும் படங்களை இயக்கியவர். அவர் கையில் பக்ஸ் பனி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, சிங்களம் அரைகுறையாய்ப் பிடிபட்ட பிள்ளைகள் அந்த முயலைச் சிங்களத்தில் கேட்டுத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொட்டவத்த பிளாங்கின் குரலைக் கொப்பியடிக்க முயலவில்லை. முயலை நம்மூர்ச் சந்தியில் நின்று போறவன் வாறவனுக்கெல்லாம் பட்டம் வைக்கிற ஒருத்தனாக்கிவிட்டார். மொழி மாறியது, குரல் மாறியது, ஆனாலும் ஆள் அதே ஆள்தான்.

பிளாங்கைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அவரை 'ஆயிரம் குரல் மனிதர்' என்று புகழ்கிறார்கள். அவரது கல்லறையிலும் அப்படித்தான் பொறித்திருக்கிறது. எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. பல குரலில் பேசுகிறவர்கள் நம்மிடமும் நிறையப் பேர் இருக்கிறார்கள், கலியாண வீட்டு மேடையிலேயே பத்து நடிகர்களைப் பேசிக் காட்டுவார்கள். பிளாங்க் செய்தது வேறு வேலை. அவர் குணசித்திர நடிகர். மேக்கப்பும் உடுப்பும் முகமும் இல்லாமல், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஆட்களை உருவாக்கியவர். அந்தத் தொழிலை அவர் சினிமாவில் படிக்கவில்லை, றேடியோவில் படித்தார்.

1908 மே 30, சான் பிரான்சிஸ்கோவில் பிறப்பு. வளர்ந்தது ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்தில். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. கடைக்காரர், பக்கத்து வீட்டார் என்று ஆளுக்கொரு விதமாக ஆங்கிலம் பேசுவதைச் சிறுவயதிலேயே காதில் வாங்கிக்கொண்டார். படிப்பைப் பாதியில் விட்டார். 1927இல் போர்ட்லண்டின் கேஜிடபிள்யூ வானொலியில் ஒரு பகிடி நிகழ்ச்சியில் சேர்ந்தார்.

1933இல் கலியாணம். அதே வருடம் மனைவி எஸ்டெலோடு சேர்ந்து கேஈஎக்ஸ் வானொலியில் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். வேறு நடிகர்களைச் சம்பளத்துக்கு எடுக்க நிலையம் சம்மதிக்கவில்லை. ஆகவே எழுத்தும் இவர்கள், நடிப்பும் இவர்கள். வருகிற பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு பேரும் பங்குபோட்டுப் பேச வேண்டும். அப்படி இரண்டு வருடம் ஓடியது. நிலையத்தின் கஞ்சத்தனம்தான் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய நாடகப் பள்ளி என்பேன். வானொலி நாடகக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கலையகத்துக்கு வர வேண்டியவர் வராமல் போனால், இருக்கிறவர்களில் ஒருவர் அந்தப் பாத்திரத்தையும் சேர்த்துப் பேசி முடிக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

1935இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். வார்னர் நிறுவனத்துக்குக் கார்ட்டூன் தயாரித்துக் கொடுத்த லியோன் ஷ்லெசிங்கரின் கூடத்தில் வாய்ப்புக் கேட்டு நடையாய் நடந்தார். வாசலில் இருந்தவர், தேவையான குரல்கள் இருக்கின்றன என்று மாதக்கணக்காகத் திருப்பி அனுப்பினார். கடைசியில், ஒலித் தொகுப்பாளர் ட்ரெக் பிரவுன் இவரைப் பேச வைத்துப் பார்த்தார். 1937இல் கிடைத்த முதல் வேலை ஒரு குடிகார மாடு.

அடுத்தது போர்க்கி. அதற்கு முன்னர் போர்க்கிக்குக் குரல் கொடுத்தவருக்கு உண்மையிலேயே திக்குவாய். எங்கே நிற்கும், எப்போது விடுபடும் என்று அவருக்கே தெரியாததால் ஒலிப்பதிவு இழுபட்டது. பிளாங்க் திக்குவதைக் கணக்காக்கினார். போர்க்கி ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வான், மூன்று நான்கு தரம் முட்டிப் பார்ப்பான், கடைசியில் அதைக் கைவிட்டு வேறொரு லேசான சொல்லைச் சொல்லித் தப்பிப்பான். சிரிப்பு வருவது திக்கலுக்கு அல்ல, அந்தத் தப்பித்தலுக்கு. திக்குவாய்க்காரரைப் பார்த்துச் சிரிப்பதற்கும், அவர் கெட்டித்தனத்தை ரசித்துச் சிரிப்பதற்கும் இருக்கிற தூரம் இது.

பக்ஸ் பனி இன்றைக்கு நாம் அறிந்த வடிவில் வந்தது 1940இல். நியூயோர்க்கின் புரூக்லின், புரொங்ஸ் பகுதிகளின் பேச்சைக் கலந்து அந்த வாயாடிக் குரலைச் செய்ததாகப் பிளாங்க் சொல்வார். கரட் கடிக்கும் சத்தத்துக்கு வேறு காய், பழம் எல்லாம் கடித்துப் பார்த்தார்களாம், கரட்டின் சத்தம் கரட்டுக்குத்தான் உண்டு. ஆனால் வாய் நிறையக் கரட்டோடு அடுத்த வசனம் பேச முடியாது. ஆகவே கடிப்பார், மெல்லுவார், பதிவு நிற்கும், பக்கத்தில் இருக்கும் எச்சில் கோப்பையில் துப்புவார், பிறகு பேசுவார். அவருக்குக் கரட் ஒத்துக்கொள்ளாது என்றொரு கதை உலாவியது. அவரே அதை மறுத்திருக்கிறார்.

இனி, குரல் வேறு ஆள் வேறு என்று சொன்னேனே, அதற்கு ஆதாரம். சில்வெஸ்டரையும் டஃபியையும் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே குரல், அதே எச்சில் தெறிப்பு. டஃபியின் பதிவைக் கொஞ்சம் வேகப்படுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பூனையையும் இந்தத் தாராவையும் யாரும் மாறாட்டம் பண்ணுவதில்லை. பூனைக்குத் தன் மானம் பெரிது, தோற்றாலும் தலை நிமிர்ந்து தோற்கும். தாராவுக்கோ பொறாமை, பேராசை, எந்நேரமும் அவசரம். 1951இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'ராபிட் ஃபயர்' என்ற கார்ட்டூனில், வேட்டைக்காரனை ஏமாற்ற டஃபி பக்ஸைப் போல வேடம் போடும், பக்ஸ் டஃபியைப் போல வேடம் போடும். இரண்டுக்கும் குரல் பிளாங்க். பக்ஸாக நடிக்கிற டஃபியின் குரலில் உள்ளுக்குள் டஃபி இருப்பது கேட்கிறது. வெறும் குரல் வித்தைக்காரனால் இது முடியாது.

கார்ட்டூனில் பெயர் எடுத்த காலத்திலும் அவர் றேடியோவை விடவில்லை. நகைச்சுவை நடிகர் ஜாக் பெனியின் நிகழ்ச்சி அமெரிக்க வீடுகளில் ஞாயிறு இரவுச் சாப்பாட்டோடு ஒட்டிய ஒன்று. பெனி அதில் கஞ்சப் பிசினாறி. அவரது பணப் பெட்டகத்துக்குக் காவல் ஒரு வெண்கரடி. 1939இல் பிளாங்குக்குக் கிடைத்தது அந்தக் கரடி, வசனம் கிடையாது, உறுமல் மட்டும். மாதக்கணக்கில் உறுமியபின் ஒருநாள் பெனியிடம் போய், ஐயா, எனக்குப் பேசவும் வரும் என்றாராம். அங்கிருந்துதான் வயலின் வாத்தியார், கடைச் சிப்பந்தி, ரயில் நிலைய அறிவிப்பாளர் என்று வரிசையாக வந்தன.

பெனியிடம் ஒரு பழைய மாக்ஸ்வெல் கார். அதன் எஞ்சின் சத்தம் இசைத்தட்டிலிருந்து வர வேண்டும். நேரடி ஒலிபரப்பில் ஒருநாள் கருவி வேலை செய்யவில்லை. பிளாங்க் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இருமினார், செருமினார், விக்கினார், மூச்சை உள்ளே இழுத்து வெளியே துப்பினார். கார் கிளம்பவில்லை, ஆனால் கிளம்ப விரும்பியது. அந்த விருப்பம் கேட்டது. அதன்பின் இசைத்தட்டை யாரும் தேடவில்லை. ரயில் அறிவிப்பு இன்னொரு ரகம். அனாஹைம், அசூசா, குக்... என்று நிறுத்துவார். நிகழ்ச்சியில் வேறு பேச்சு நடக்கும், பகிடி நடக்கும். எல்லோரும் மறந்த நேரத்தில் '...கமோங்கா' என்று ஊர்ப் பெயரை முடிப்பார். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டு போனது. வானொலியில் மௌனம் என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு வியர்க்கும், அதையே பகிடியாக்கிய தைரியம் இது.

எல்லாவற்றையும் மெச்ச முடியாது. மெக்சிக்கோக்காரர், சீனர், யூதர் என்று ஒவ்வொருவரின் பேச்சையும் எடுத்துச் சிரிக்க வைத்தது அந்தக் காலத்து அமெரிக்க றேடியோ. பிளாங்கும் அதில் முன்னணி. இன்று கேட்டால் சில இடங்கள் காதில் குத்துகின்றன. நாமும் இதில் சுத்தமில்லை. தோட்டத்துத் தமிழைப் பகிடிக்கென்றே வைத்திருந்த நாடகங்கள் நம் வானொலியிலும் வந்தன. 'கோமாளிகள்' கூட்டத்தை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். இலங்கை வானொலியில் தொடங்கி 1976இல் படமாகவும் வந்தது அது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்து ஒன்றையொன்று வாரின. யாரும் யாருக்கும் கீழே இல்லை. மரைக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயரே அவர்கள் சொந்தப் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பிளாங்கையும் தெருவில் பார்த்தவர்கள் பக்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

1961 ஜனவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் வீதியில், பல பேரைக் காவு கொண்ட ஒரு வளைவில் அவருடைய கார் இன்னொரு காரோடு மோதியது. மண்டை ஓட்டில் முறிவு, கால்களில் முறிவு. சுயநினைவில்லாமல் நாட்கள் போயின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசைவில்லை. ஒரு மருத்துவர், 'பக்ஸ் பனி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டாராம். முயலின் குரலில் பதில் வந்ததாம். பிளாங்க் இதைச் சொல்ல அலுக்காதவர், நடிகர் வாயில் கதை கொஞ்சம் மெருகேறித்தான் வரும். ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்போது 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் பார்னி என்ற பாத்திரம் அவருடையது. சில பகுதிகளுக்கு டோஸ் பட்லர் மாற்றாகப் பேசிக் கொடுத்தார். பிறகு உடம்பு முழுக்கப் பிளாஸ்டரோடு மல்லாந்து கிடந்தவருக்கு மேலே ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பகுதிகளில் பார்னி வழக்கம்போலத் துள்ளிக்கொண்டுதான் திரிகிறான்.

1988இல் ரொஜர் ராபிட் படத்தில் பக்ஸ், டஃபி, போர்க்கி, ட்வீட்டி எல்லோரும் மறுபடி அவர் குரலில் பேசினார்கள். யொசெமிட்டி சாமை மட்டும் ஜோ அலாஸ்கி பேசினார், அந்தக் கத்தல் எண்பது வயதுத் தொண்டைக்கு ஆகாது. அடுத்த வருடம் ஜூலை 10ஆம் திகதி மெல் பிளாங்க் காலமானார்.

கடைசியாக ஒரு விஷயம். 1940களில் அவர் ஷ்லெசிங்கரிடம் சம்பள உயர்வு கேட்டார். கிடைக்கவில்லை. அப்படியானால் படத்தில் என் பெயரையாவது போடுங்கள் என்றார். போட்டார்கள். அதுவரை கார்ட்டூனில் குரல் கொடுத்தவரின் பெயரைப் போடும் வழக்கம் அங்கே இல்லை, பெயரைப் பார்த்து வானொலிக்காரர்கள் மேலும் மேலும் அவரைக் கூப்பிட்டார்கள். அந்த வகையில் அவர் செய்தது கெட்டிக்கார வியாபாரம். ஆனால் ஒரு பக்க விளைவு இருந்தது. திரையில் குரலுக்கு அவர் பெயர் மட்டுமே வந்ததால், எல்லாக் குரலும் அவருடையது என்று உலகம் எடுத்துக்கொண்டது. நம் வானொலி நாடகங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது, முடிவில் பங்குபற்றியோர் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்போம். ஒரே ஒரு வசனம் பேசியவரையும் விடமாட்டோம். ஆகவே மிச்சமிருக்கிற நேரத்தில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டாக, 1959இல் இறக்கும்வரை, ஆர்தர் கியூ. பிரையன். ட்வீட்டியை வளர்க்கும் பாட்டியாக பீ பெனடரெட், அவருக்குப் பின் ஜூன் ஃபோரே. மூன்று கரடிகள் வருகிற கார்ட்டூன்களில் மகன் கரடியாக ஸ்டான் ஃபிரிபெர்க், தகப்பன் கரடியாக பில்லி பிளெச்சர். பிறகு ரோட் ரன்னர். ஓநாயை ஏய்த்து ஓடும் அந்தப் பறவையின் 'மீப் மீப்' சத்தத்தைக் கொடுத்தவர் நடிகரே அல்ல. பின்னணி வரைகிற ஓவியர், போல் ஜூலியன். பெரிய சித்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்து நடைபாதையில் போகும்போது முன்னால் வருகிறவர்களைப் பார்க்க முடியாது, ஆகவே வழி விடுங்கள் என்பதற்காக அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு போவார். அது காதில் விழுந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

வணக்கம்.