சிலையைப் பார்க்கச் சம்பளமா? மியூசியம் ஆய்வுத் தங்கலின் ரகசியம் ஒரு நம்பரில்!

(திரையில்: பெடோங் கடைத்தெரு, தூரத்தில் ரப்பர் மரங்கள்)

வணக்கம் மக்களே! ஒரு வெண்கலச் சிலையை மாதக்கணக்கில் ஆராய உதவித்தொகை, மேசை, நூலக அனுமதி எல்லாம் கொடுக்கிறார்கள். கலை வரலாற்றில் முனைவர் ஆய்வு செய்யும் நம்ம கெடா பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள்.

பின்னணியைச் சட்டென்று முடிப்போம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி எல்லாம் வெளி ஆய்வாளர்களை அழைக்கின்றன. ஆய்வுத் திட்டம், சுயவிவரம், பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். கெட்டி ஆண்டுக்கொரு கருப்பொருள் அறிவிக்கும். உங்கள் திட்டம் அதில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

(திரையில்: 1872,0701 | 74.51)

இனிதான் ருசி. தோட்டத்துக் கிராணியின் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், ஆளுக்கொரு நம்பர் இருக்குமே, மியூசியத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1872,0701 என்று தொடங்கினால், அது 1872 ஜூலை 1 பதிவு. புள்ளிக்குப் பின்னால் வருவது வரிசை எண். சரி, மெட்ரோபாலிட்டனில் 74.51 என்று தொடங்கினால்? 1974 என்று சொன்னவர்கள் கையைத் தூக்குங்கள். மாட்டிக்கொண்டீர்கள், அது 1874! 1974-இல் வந்திருந்தால் நாலு இலக்கமும் முழுசாக இருக்கும். நூறு வருஷப் பிசகு, சும்மாவா?

வருஷம் ஏன் முக்கியம்? திருட்டுக் கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972. அதற்குப் பிறகு மியூசியத்துக்குள் வந்த தமிழ்நாட்டுச் சிலை என்றால், யார் விற்றார், எப்போது இந்தியாவை விட்டுப் போனது என்ற கேள்வியே பாதி ஆய்வு.

அதனால் "சோழர் கலையை ஆராய்வேன்" என்று எழுதாதீர்கள். அது திட்டம் இல்லை, ஆசை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 350-க்கும் மேற்பட்ட புத்த வெண்கலங்கள் கிடைத்தன. அங்கிருந்த சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் கடாரத்து (இன்றைய கெடா) அரசர் கட்டியது, அதாவது நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்! சில பீடங்களில் தமிழ் எழுத்தும் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் மியூசியத்தில் இவற்றில் இருப்பவை எவை, அவற்றின் எண்கள் என்ன, பீடத்தில் எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதுங்கள். எண் இருந்தால்தான், சிலை வேறு மியூசியத்துக்கு இரவலாகப் போயிருக்கிறதா, பராமரிப்புக் கூடத்தில் கிடக்கிறதா என்று காப்பாட்சியர் பார்த்துச் சொல்ல முடியும். இதை முன்கூட்டியே கேட்காமல் விமானம் ஏறினால், காலியான அலமாரியைத்தான் ஆராய வேண்டும்.

சேமிப்பறையில் பென்சில் மட்டும். பேனா மை பட்டால் எடுப்பது பெரும்பாடு. மோதிரம், வளையல் கழற்றுங்கள். வெண்கலத்துக்கு நைட்ரைல் கையுறை: வியர்வை உப்பு உலோகத்தை அரிக்கும், பருத்தித் துணியோ வழுக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத உளித் தடமும் தேய்ந்த எழுத்தும் எழுந்து வரும்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், புத்தகத்தில் போட அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை. அதைத் தனியாக, எழுத்தில் வாங்குங்கள்.

மெட்ரோபாலிட்டன் தளத்தில் ஒரு தென்னிந்தியச் சிலையைப் பிடித்து, அதன் எண்ணையும் வந்த வருஷத்தையும் கமெண்டில் போடுங்கள். லைக் கொஞ்சம் தட்டிவிட்டுப் போங்க!