கேமராவுக்கு முன்னால் தாழ்ப்பாள்

(பாளையங்கோட்டையில் மூத்த குடிமக்கள் மன்றம் ஒன்றின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

அவையோருக்கு என் வணக்கம்.

முன்வரிசைகளில் அம்மாக்களும் அப்பாக்களும், பின்வரிசைகளில் பொங்கலுக்கு ஊர் வந்திருக்கும் பிள்ளைகளுமாக மன்றம் நிறைந்திருக்கிறது. போன வருடம் இதே விழாவில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஐந்தாறு பிள்ளைகள் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அக்கா, உங்கள் அம்மா வீட்டில் வைத்திருக்கிறீர்களே, அது என்ன கேமரா? என்ன விலை?" அன்றைக்குக் கடையின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதிப் பதில்தான் என்று பிறகு தோன்றிக்கொண்டே இருந்தது. மீதியைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல அம்மாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அதோ, முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார்.

அப்பா காலமான பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். நான் புனேயில், தம்பி டல்லாஸில். எத்தனையோ முறை கூப்பிட்டோம். "அங்கே வந்து நான் யாரோடு பேச?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இந்தக் கதை உங்களுக்குப் புதிதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தொட்டவர்கள். நம் தெருக்களில் மாலையில் ஒரு சுற்று நடந்தால், இன்றைக்கு அதைவிட எவ்வளவோ கூடியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

அப்படித்தான் பட்டாசலில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், நாள்காட்டிக்கு மேலே கேமரா ஏறியது. அதனால் நன்மை விளைந்ததை மறைக்க மாட்டேன். தொலைபேசியில் அம்மா எப்போதும் "நன்றாக இருக்கிறேன்" என்பார். கேமராவில் பார்த்தால், நாற்காலியிலிருந்து எழுந்தவர் அடுத்த அடியை எடுத்துவைக்காமல் சுவரில் கைவைத்து அப்படியே நிற்கிறார். ஒரு வாரம் கவனித்தேன். காலையில் எழும்போதெல்லாம் இதே நிலைதான். ஊருக்கு வந்து மருத்துவரிடம் கூட்டிப்போனேன். படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் சரசரவென்று இறங்கியது. மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள், தலைசுற்றல் நின்றது. குரல் மறைத்ததைப் படம் காட்டிக்கொடுத்தது. அதற்கு நான் நன்றியுள்ளவள்.

ஆனால், அடுத்த சித்திரையில் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. சிவந்து, சொறிந்து, சில இடங்களில் புண்ணாகியிருந்தது. பட்டாசலில் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறவருக்கு ஏன் இத்தனை வேர்க்குரு? விசாரித்தேன். நான்கு மாதமாக உள்ளறையில் படுத்திருக்கிறார். சாமான்கள் அடைந்து கிடக்கும், சன்னல் இல்லாத அறை அது. காரணத்தை முதலில் சொல்லவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கேமராவைக் காட்டினார். "பார் ஏட்டி, அந்தச் சிவப்புப் புள்ளி விடிய விடிய என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சேலை விலகினால்கூட எனக்குத் தூக்கம் போய்விடுகிறது."

இருட்டில் படம் எடுக்க இந்தக் கேமராக்களில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். 850 நானோமீட்டர் விளக்கு என்றால் மங்கலாகச் சிவந்து தெரியும், 940 என்றால் கண்ணுக்கே தெரியாது. "இரண்டாவது வகையை வாங்கி மாட்டிவிடுகிறேன், அம்மா" என்றேன். அதற்கு அவர் கேட்டார்: "தெரியாமல் பார்த்தால் மட்டும் சரியாகிவிடுமா?"

பிள்ளைகளே, நான் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கேமராவை வைத்தேனா? இல்லை. "உன் நல்லதுக்குத்தான், அம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரில் துளைபோட ஆளை அனுப்பினேன். அதைச் சம்மதம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தம்பியும் அன்பு மிகுந்தவன். டல்லாஸில் இரவு ஆகும்போது நமக்குக் காலை. கோடையில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். அவன் படுக்கப் போகுமுன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் படுப்பான். ஒருநாள் விருந்தாளி ஒருவர் கொண்டுவந்த அல்வாவில் அம்மா ஒரு விள்ளலை வாயில் போட்டிருக்கிறார். உடனே தொலைபேசி அடிக்கிறது. "அம்மா, சர்க்கரை இருக்கிறதல்லவா? இன்னொன்று எடுக்காதே." எழுபத்தெட்டு வயதில், சொந்த வீட்டில், விருந்தாளி எதிரே. அதன் பிறகு அம்மா இனிப்பை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிடத் தொடங்கினார். சாப்பிடுவது குறையவில்லை, உட்கார்ந்து சாப்பிடுவதுதான் போயிற்று. இதைக் கேட்ட அன்று தம்பி வெகுநேரம் பேசவே இல்லை.

கேமராவுக்குக் காதும் உண்டு. எதிர்வீட்டு அக்கா முன்பெல்லாம் பட்டாசலில் வந்து உட்கார்ந்து தன் வீட்டுக் குறையெல்லாம் சொல்லி அழுதுவிட்டுப் போவார். கேமரா வந்த பிறகு வாசலோடு நின்றுகொண்டார். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. "நான் திருடிவிடுவேன் என்றா வைத்தீர்கள்?" என்று அவர் கேட்டபோது எனக்கு முகம் தூக்கிப் பார்க்க முடியவில்லை. அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். பொருத்த வந்த பையன் தன் கைப்பேசியில் திறந்து சரிபார்த்த கணக்கு அப்படியே இருந்தது. எட்டு மாதம்! அவன் பார்த்தானோ இல்லையோ, பார்த்திருக்க முடியும். 2016இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து கெடுக்கும் நிரல்) உலகம் முழுவதும் ஏராளமான கருவிகளைப் பிடித்துக்கொண்டது. அவற்றில் நிறைய, பெட்டியில் வந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்கள். வீட்டுக்குப் போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், யார் யார் கைப்பேசியில் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமும் வந்தது. ஆனால் ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தகவலைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது. மகன் தாயைப் பார்ப்பதற்கு நடுவே வந்து நிற்க அதில் இடமில்லை. அங்கே தாயின் மானத்துக்குக் காவல் மகன்தான், மகள்தான்.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன்.

ஓர் ஆடி மாதம். ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு மின்சாரம் போய்விட்டது. ரௌட்டர் அணைந்தது, கேமராவும் அணைந்தது. என் கைப்பேசித் திரையில் சாம்பல் நிறம். அம்மாவைக் கூப்பிடுகிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டரைக்கு எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள். புறவாசலிலும் தாழ்ப்பாள். அவர் மகன் சுவரேறிக் குதித்துப் பின்கதவை உடைத்து உள்ளே போனால், குளியலறையும் உள்ளே தாழ்போட்டிருக்கிறது. கதவுக்குப் பின்னால் அம்மா விழுந்து கிடக்கிறார். உள்பக்கம் திறக்கும் கதவு, தள்ளினால் அம்மாவின் மேலேயே இடிக்கும். கதவைக் கழற்றி எடுத்துத்தான் தூக்கினார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது. ஈரத் தரையில் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறார்.

மின்சாரம் இருந்திருந்தாலும் அந்தக் கேமரா ஒன்றும் காட்டியிருக்காது. குளியலறையில் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. முதியவர்கள் வழுக்கி விழ அதிகம் வாய்ப்புள்ள இடமோ அதுதான். உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். நான் கண்களைப் பட்டாசலில் மாட்டிவிட்டு, கைகள் உள்ளே வர வழியில்லாமல் மூன்று தாழ்ப்பாள்களை விட்டுவைத்திருந்தேன். அந்தக் கைகளுக்கு உரியவரையும் கேமராவைக் காட்டி வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். வாசல் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, உள்ளே பூட்டியிருந்தாலும் வெளியே சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வைத்தோம். ஒரு சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாறியது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வெளியே ஒரு மணி தொங்குகிறது. பிடிமானக் கம்பிகள் இரண்டு, ஒன்று கழிப்பிடத்தின் பக்கம், ஒன்று குழாயின் பக்கம். ரௌட்டரை இன்வெர்ட்டரில் இணைத்தோம். இத்தனைக்கும் ஆன செலவு கேமரா வாங்கிய செலவைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

கேமரா இன்னும் இருக்கிறது, வாசல் கதவைப் பார்த்தபடி. காதை அடைத்துவிட்டோம். அம்மா கைக்கு எட்டும் உயரத்தில் அதற்கென்று தனி சுவிட்ச். அவர் அணைத்தால் ஏன் என்று கேட்பதில்லை என்று தம்பியும் நானும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். சாப்பாட்டைப் பற்றித் தொலைபேசி கிடையாது. பட்டாசலில் பாய் மறுபடி விரிந்துவிட்டது. அக்காவும் உள்ளே வந்து உட்காருகிறார்.

ஜப்பானில் சோஜிருஷி என்ற நிறுவனம் 2001இலேயே ஒரு வெந்நீர்க் கெண்டி கொண்டுவந்தது. தனியாக இருக்கும் தாய் தேநீருக்கு அதை உபயோகித்தால், உபயோகித்த செய்தி தொலைவிலிருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். படம் இல்லை, குரல் இல்லை. இன்றைக்குப் பொழுது விடிந்தது, எழுந்துவிட்டார் என்ற செய்தி மட்டும். எங்கள் தெருவில் அந்த வேலையைப் பால் பை செய்கிறது. ஏழு மணிக்கு மேலும் பை கம்பிக் கதவில் தொங்கினால் அக்கா சாவியோடு போவார். அவசரம் என்றால் 108ஐ அழைக்க அவருக்குத் தெரியும். ஓய்வூதியம், பராமரிப்பு போன்றவற்றில் சந்தேகம் வந்தால் முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணையும் அவர் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நினைவு மங்கியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் சொன்னது முழுதும் பொருந்தாது. இரவில் அவர்களே கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார்கள். அங்கே கதவு திறந்ததும் ஒலிக்கும் மணியும், கூடவே தங்க ஓர் ஆளும் வேண்டும். கேமராவும் வேண்டியிருக்கும். அப்போதும் உடை மாற்றும் இடத்தை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது.

பிள்ளைகளே, விடுமுறை முடிந்து நீங்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்று இரவு அம்மாவை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் வாசலில் நின்று, அவர் எழுந்து வராமலே உள்ளே போக முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். முடியாவிட்டால் நாளைக் காலையிலேயே ஆசாரியிடம் சொல்லிவையுங்கள். பொங்கல் நாளில் அவர் கிடைப்பது கஷ்டம், வீடு தேடிப் போய்த்தான் கூட்டிவர வேண்டும்.

வணக்கம்.