மாதா கடனாகக் கொடுக்கும் கல்

வணக்கம் மக்களே! பின்னால் டங் டங் என்று கேட்கிறதா? சம்மட்டிச் சத்தம். இன்று ஆகஸ்ட் 16. பொலிவியாவில், கொச்சபம்பா நகரத்துக்குப் பக்கத்தில் கியாகோயோ என்ற ஊரின் கல்வாரி மலையில் நிற்கிறேன். நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள். ராத்திரியே கொச்சபம்பாவிலிருந்து கிளம்பி, 13 கிலோமீட்டரும் நடந்து வந்த கூட்டம் இது.

உர்குபிஞா மாதா என்பது இந்த மாதாவின் பெயர். ஆடு மேய்த்த ஒரு சின்னப் பெண்ணுக்குக் குழந்தையோடு மாதா காட்சி கொடுத்தார்களாம். ஊர்க்காரர்கள் ஓடி வந்தபோது, "அதோ, மலைக்குப் போய்விட்டார்கள்" என்று அந்தப் பெண் ஆண்டீஸ் மலைப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் கத்தியிருக்கிறாள். உர்கு என்றால் மலை. அந்தக் கூப்பாடுதான் பெயராக நின்றுவிட்டது.

சரி, சம்மட்டி எதற்கு? பாறையை உடைத்து ஒரு கல் எடுக்கிறார்கள். அது மாதா தருகிற கடன். வீடு, வியாபாரம், படிப்பு, எது வேண்டுமோ அதை நினைத்துக்கொண்டு அடிக்கவேண்டும். கல் சீக்கிரம் பெயர்ந்தால் நல்ல சகுனம். அதை ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து, அடுத்த ஆகஸ்டில் இதே மலைக்குத் திரும்பக் கொண்டுவரவேண்டும். கேட்டுவிட்டுப் போய்விடுகிற வேண்டுதல் இல்லை, பாருங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பும் கூடவே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்தப் பக்கம் வாருங்கள். உள்ளங்கை அளவு வீடு, பொம்மை கார், குட்டி டாலர் கட்டு, பட்டச் சான்றிதழ்கூட விற்கிறார்கள். எது கிடைக்கவேண்டுமோ அதன் குட்டி வடிவம்; இவற்றுக்கு அலசிதா என்று பெயர். வாங்கினவர்கள் தரையில் பரப்பிவைத்து, பூவிதழும் வண்ணக் காகிதமும் தூவி, பீர் தெளிக்கிறார்கள். அந்தச் சடங்குதான் சல்லா. முதல் சொட்டு பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு. பக்கத்தில் தணலில் கோவா என்ற மூலிகை புகைகிறது. வாசனை கேமராவில் வராது, அதுதான் வருத்தம். ஆகஸ்ட் மாதம் பூமி வாய் திறந்திருக்கும், பசியோடு இருக்கும், அதனால் படைக்கவேண்டும் என்பது ஆண்டீஸ் மலை மக்களின் பழைய நம்பிக்கை. மாதா திருநாளும் அதே மாதத்தில்தான் வருகிறது.

இதோ, இந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டு செபம் சொன்னார், அதே கையால் மண்ணில் பீர் ஊற்றுகிறார். துணியில் கட்டி வைத்திருப்பது போன வருடத்துக் கல். இப்போது அவிழ்க்கிறார். கொஞ்சம் அமைதியாக இருந்து பார்ப்போம்.