பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏழு சகோதரிகளிடம்

வணக்கம் நேயர்களே. லண்டனில் இருக்கிற நம்மவர்களிடம் கடற்கரைக்குப் போனீர்களா என்று கேட்டால் பிரைட்டன் என்பார்கள், இல்லையென்றால் சௌத்எண்ட். அங்கே போய் பார்க்கிங் தேடி அரை மணி நேரம் சுற்றி, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டு, நாலு போட்டோ எடுத்து, டிராஃபிக் சேர்வதற்குள் திரும்பிவிடுவது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அதே பிரைட்டனில் காரை மறந்துவிட்டு, ஈஸ்ட்போர்ன் போகிற 12ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள் என்றுதான் பல வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாடியில், முன் சீட்டில் உட்காருங்கள்.

சீஃபோர்ட் தாண்டியதும் எக்ஸீட் என்ற இடத்தில் இறங்கவேண்டும். கீழே கக்மியர் ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போவது தெரியும், எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். உண்மையில் ஆறு அந்த வளைவுகளில் ஓடுவதே இல்லை. 1846இல் பக்கத்திலேயே நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். வளைவில் நிற்பது விட்டுப்போன தண்ணீர். தெரிந்தபிறகும் அழகாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் எட்டு மைல். செவன் சிஸ்டர்ஸ் என்கிற வெள்ளைச் சுண்ணப்பாறை மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த ஏழில் முதல் மேடுதான் இருப்பதிலேயே உயரம், 77 மீட்டர், அதனால் ஆரம்பத்திலேயே மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள். ஏறினால் இறங்கவேண்டும், இறங்கினால் மறுபடி ஏறவேண்டும், பாறை தாழ்ந்து கடற்கரைக்கு வழிவிடும் பர்லிங் கேப் வரைக்கும் இதே கதைதான். வெள்ளைப் பாறைக்குப் பேர்போன டோவர் துறைமுகத்தை விட இங்கே பாறை பளிச்சென்று வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், கடல் அடிவாரத்தை அரித்துக்கொண்டே இருப்பது. பழைய முகம் உடைந்து விழுந்து, புதுமுகம் தெரிகிறது. டோவரில் பல இடங்களில் துறைமுகச் சுவர் அலையைத் தடுத்துவிடுவதால் பாறையில் செடி முளைத்துவிடுகிறது. சினிமாவில் டோவர் என்று காட்டுவது பல சமயம் இந்த ஏழு சகோதரிகளைத்தான்!

உடைந்து விழுகிறது என்றேன் அல்லவா, அதற்கு ஒரு கதை உண்டு. வீட்டில் இதை ஆரம்பித்தாலே ஆளுக்கொரு வேலை வந்துவிடும், நீங்களாவது ரேடியோவை அணைக்காமல் இருங்கள். பர்லிங் கேப்பைத் தாண்டினால் பெல் டூட் என்று ஒரு குட்டையான கலங்கரை விளக்கம் வரும். 1834இல் விளக்கேற்றினார்கள். குன்றின் உச்சியில் கட்டியதால் மூடுபனி வந்தால் வெளிச்சத்தையே விழுங்கிவிடும், கப்பல்காரர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 1902இல் இன்னும் கிழக்கே இருக்கிற பீச்சி ஹெட் என்ற உயரமான பாறையின் அடிவாரத்தில், கடலுக்குள்ளேயே, சிவப்பும் வெள்ளையுமாகத் தெரிகிறதே அந்தப் புதுக் கலங்கரை விளக்கத்தைக் கட்டி, பழையதை ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். கடல் சும்மா இருக்குமா? அரித்து அரித்து வாசலுக்குச் சில மீட்டர் வரை வந்துவிட்டது. 1999இல் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த 850 டன் கட்டடத்தை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி, கிரீஸ் தடவிய உத்தரங்களின் மேல் மெல்ல மெல்லத் தள்ளி, 17 மீட்டர் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இடிக்கவில்லை, கல்லைப் பிரிக்கவில்லை, முழுசாக! இன்னொரு தடவை நகர்த்தவும் வசதி செய்து வைத்திருக்கிறார்களாம். இப்போது அது தங்கும் விடுதி.

சரி, இதைச் சொன்னது சும்மா இல்லை. பர்லிங் கேப்பில் ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு, அதில் கடற்கரைக்கு இறங்கி, திரும்பி மேலே பாருங்கள். மேலே நிற்கும்போது விளிம்பு வரை பசும்புல் மட்டும்தான் தெரியும். கீழேயிருந்து பார்த்தால்தான் சில இடங்களில் அந்தப் புல்லுக்கு அடியில் பாறையே இல்லாமல் வெறும் காற்று இருப்பது தெரியும். அந்த விளிம்பில்தான் செல்ஃபிக்கு நிற்கிறார்கள். தள்ளி நில்லுங்கள், குழந்தைகள் கையை விடாதீர்கள். கீழேயும் பாறையோரமாக உட்கார்ந்து சாப்பிடவேண்டாம், எப்போது உதிரும் என்று யாரும் சொல்லமுடியாது.

அப்புறம், கடல் ஏறி இறங்கும் நேரம். நம் ஊர்க் கடல் முழங்கால் அளவு, மிஞ்சினால் இடுப்பளவு ஏறும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறு மீட்டர். பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஏறிவர வழி கிடையாது. இதே சசெக்ஸ் வட்டாரத்தில், கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில், 2016 ஆகஸ்ட்டில் நம் பிள்ளைகள் ஐந்து பேர் கடலில் மூழ்கி இறந்துபோனதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கிளம்பும் முன் போனில் நேர அட்டவணையைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். ஹேஸ்டிங்ஸ், ரை என்ற ஊர்களைப் பற்றியெல்லாம் குறித்து வைத்திருந்தேன், போகட்டும். பீச்சி ஹெட் உச்சி 162 மீட்டர், அங்கே காற்று ஆளைத் தள்ளும், கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். மழை பெய்திருந்தால் சுண்ணமண் சோப்பு மாதிரி வழுக்கும், செருப்போடு வராதீர்கள். இறங்கினால் ஈஸ்ட்போர்ன், அங்கிருந்து விக்டோரியாவுக்கு ஒன்றரை மணி நேர ரயில். எட்டு மைல் முடியாதவர்கள் எக்ஸீட்டிலிருந்து கடல் வரை சமதரையில் போய்த் திரும்பலாம், தள்ளுவண்டியும் போகும். நன்றி, வணக்கம்.